நாலாம் மாடிப் பொத்தான்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுகிறேன், ஆகவே இங்கேயும் அவர் அத்தான்தான். வயது ஐம்பத்து மூன்று. வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் கருவிப் பையைத் திறக்க மாட்டார். லிஃப்டுக்குள் நின்று பொத்தான்களைப் பார்ப்பார். எந்த எண் தேய்ந்திருக்கிறது, எது இன்னும் பளபளக்கிறது, எதில் எண்ணெய்க் கை பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, "கேன்டீன் ஆறாவது மாடியில. பெரிய அதிகாரி ஒன்பதுல, அவரைப் பார்க்க யாரும் போறதில்லை" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பாகிவிட்டால் பழியை லிஃப்ட் மேல் போட்டுவிடுவார்.

நான் நகரப் பொதுச் சுகாதார வாரியத்தில் தட்டச்சு செய்கிறேன். கூட்டம் நடந்தால் குறிப்பெடுப்பதும் நான்தான். பெரிய பெரிய சொற்களைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். அவற்றுக்கு அர்த்தம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை இல்லை என்று மேலாளர் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எங்கள் கட்டடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. கீழே தடுப்பூசி. முதல் மாடியில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ். அங்கே எப்போதும் ஊரே நிற்கும், வரிசை படிக்கட்டு வரை வழியும். இரண்டாவது மாடியில் வாரியத்தின் கூட்ட அறை. மூன்றில் மனநலம் மற்றும் போதை மீட்பு ஆலோசனை அறை. நான்கில் உடைந்த நாற்காலிகளும் பழைய கோப்புகளும் கிடக்கிற கிடங்கு.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அத்தான் குடித்துக்கொண்டிருந்தார். எப்போதாவது நண்பர்களோடு என்று ஆரம்பித்து, காலையில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டால்தான் திருகாணி துளையில் உட்காரும் என்ற நிலைக்கு வந்திருந்தார். ஒருநாள் லிஃப்டின் அடிக்குழியில் இறங்கி வேலை செய்தவர், மேலே மின்சாரத்தை நிறுத்த மறந்துவிட்டார். யாரோ மூன்றாவது மாடியில் லிஃப்டைக் கூப்பிட்டதால் அது மேலே போனது. கீழே கூப்பிட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம், "என்னை எங்கேயாவது கூட்டிட்டுப் போ" என்றார். எங்கள் மூன்றாவது மாடிக்குத்தான் அக்கா கூட்டிவந்தாள்.

ஆறு மாதம் வந்தார், தெளிந்தார், அதற்கப்புறம் ஒரு சொட்டு தொடவில்லை. அக்கம்பக்கத்தில் மட்டும் முதுகுவலி வைத்தியம் என்று அக்கா ஒரு கதை கட்டிவிட்டாள். கதை உறுதியாக நிற்க வேண்டும் என்று இடுப்புக்கு ஒரு பட்டைகூட வாங்கிக் கொடுத்தாள். நல்ல முதுகோடு நான்கு மாதம் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு அலைந்ததில் நிஜமாகவே முதுகு வலிக்க ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டு அம்மா இன்றைக்கும் அவரைப் பார்த்தால் தைலம் சிபாரிசு செய்வார்.

அக்கா செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பது கட்டடங்களின் லிஃப்டுகள் அத்தான் கையில். குடித்தவர் என்று தெரிந்தால் எந்தக் குடியிருப்புச் செயலாளர் தன் பிள்ளைகள் ஏறுகிற லிஃப்டை அவரிடம் விடுவார்?

இந்த வருடம் வாரியத்துக்கு ஒரு யோசனை வந்தது. மனநலத்துக்கும் போதைப் பழக்கத்துக்கும் மூன்று முன்னுரிமைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரைவுப் பட்டியலில் பதினொன்று இருந்தன, எல்லாவற்றையும் நான்தான் அடித்தேன். முதலிடம் விழிப்புணர்வுப் பதாகைகளுக்கு. குடிக்காதே என்று பெரிய எழுத்தில் போட்டால், அடடா இது நமக்குத் தோன்றவில்லையே என்று எல்லோரும் நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது. பதினொன்றாவதாக, கடைசியில், ஒரு வரி: "மூன்றாம் மாடி ஆலோசனை அறை. எட்டு மாதங்களாக வருகை நாளொன்றுக்கு நான்கு பேர் மட்டுமே. தேவை குறைந்துள்ளதால் மூடுவது குறித்துப் பரிசீலிக்கலாம்." அதை அடித்தபோது என் விரல்கள் நின்றுவிட்டன. அந்த அறை இல்லாவிட்டால் என் அக்கா வீடு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரமே அத்தான் மாதாந்திரப் பராமரிப்புக்கு எங்கள் கட்டடத்துக்கு வந்தார். வழக்கம்போலப் பொத்தான்களைப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து என் மேசைக்கு வந்து குனிந்து கேட்டார்.

"கிடங்குக்கு ஆள் யாராவது போறாங்களா?"

"கிடங்குக்காரர் திங்கள், வியாழன் போவார். ஏன் அத்தான்?"

"நாலாம் நம்பர் பட்டன்ல எண்ணே இல்லை. தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சு. லிஃப்டோட கன்ட்ரோல் பெட்டியில கணக்கு பார்த்தேன். போன மாசம் மட்டும் லிஃப்ட் நாலுல முன்னூத்தி எண்பத்தாறு தடவை நின்னிருக்கு."

"பேய் கீய் இருக்குமோ?"

அவர் சிரிக்கவில்லை. "வா, காட்டுறேன்" என்றார்.

மேலே போனோம். நான்காவது மாடியில் லிஃப்டுக்கு எதிரே படிக்கட்டுக் கதவு, அதில் கை அகலத்துக்கு ஒரு பூட்டு. கதவுக்கு முன்னால் ஒரு மூன்று கால் நாற்காலியை யாரோ சுவரில் சாய்த்து உட்காரும்படி ஆக்கியிருந்தார்கள். அத்தான் அந்தப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நானும் அப்போ நாலைத்தான் அமுக்குவேன்" என்றார். "லிஃப்டுல தெரிஞ்சவங்க நிப்பாங்க. சர்டிபிகேட் வாங்க வந்தவங்க. மூணை அமுக்கினா லைட் எரியும், எங்கே போறேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். நாலுன்னா என்னன்னு யாருக்கும் தெரியாது. இங்கே இறங்கி, இந்தப் படிக்கட்டுல ஒரு மாடி கீழே நடந்து போயிடுவேன். ஒருநாள் இங்கே இன்னொருத்தர் நின்னார். நான் கிடங்கு தேடுற மாதிரி நின்னேன், அவரும் கிடங்கு தேடுற மாதிரி நின்னார். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணாவே கீழே போனோம்."

இந்தப் பூட்டு எப்போது வந்தது என்று எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு நாற்காலிகள் காணாமல் போனதற்காகக் கிடங்குக்காரர் போட்ட பூட்டு. போட்டு எட்டு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் நாலை அமுக்கி மேலே வருகிறார்கள், கதவு பூட்டியிருக்கிறது, திரும்ப லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாங்களோ தேவை குறைந்துவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறோம். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பூட்டை ஒரு உதை விட்டேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

அடுத்த வாரம் பொதுமக்கள் கருத்துக் கேட்பு. யார் வேண்டுமானாலும் வந்து மூன்று நிமிடம் பேசலாம். அத்தான் அதில் பேசப் போகிறார் என்றதும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"லிஃப்ட் கணக்கை மட்டும் சொல்லுங்க" என்றாள். "மெக்கானிக்கா போங்க, மெக்கானிக்கா வாங்க. வேற எதையும் எடுக்காதீங்க. முப்பது கட்டடம், ஞாபகம் இருக்கட்டும்."

"கணக்கு மட்டும்தான்" என்று அத்தான் ஒப்புக்கொண்டார்.

வாரியத் தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர் அம்மா. சமையலறையில் வைக்கிற மணியடிக்கும் கடிகாரம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டுதான் கூட்டம் நடத்துவார். மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தால் அமைச்சராக இருந்தாலும் உட்கார வேண்டும். அத்தான் சலவைச் சட்டையில் எழுந்து முன்னூற்று எண்பத்தாறு என்ற கணக்கைச் சொன்னார், பூட்டைச் சொன்னார். உடனே உறுப்பினர்கள் ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார்கள்.

"பசங்க விளையாடுவாங்க" என்றார் ஒருவர்.

"காதலர்களா இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர், கொஞ்சம் ஆசையோடு.

"லிஃப்டுல கோளாறு இருக்கும். அதைச் சரிபார்க்கத்தானே உங்களுக்கு வேலை?" என்றார் முதலாமவர் மறுபடியும்.

லிஃப்டைச் சொன்னதும் அத்தானுக்குச் சுருக்கென்றது. அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பொறுத்துக்கொள்வார். கடிகாரத்தில் நாற்பது வினாடி மீதி இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவை ஒருமுறை பார்த்தார். அவள் தலையை வேண்டாம் என்று அசைத்தாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்குங்க" என்றார் அத்தான். "நாலாம் மாடிக்குப் போறது யார்னு எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நானும் அதே பட்டனை அமுக்கிட்டு வந்தவன்தான். குடியை விட வந்தேன். மூணை அமுக்க வெட்கமா இருந்துச்சு. அன்னைக்கு அந்தக் கதவு பூட்டியிருந்தா, நானும் கீழே இறங்கி வீட்டுக்குப் போயிருப்பேன். வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன், கடைக்குப் போயிருப்பேன்."

மணி அடித்தது. அதை நிறுத்தத் தலைவர் அம்மாவுக்குத் தோன்றவில்லை, அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. அப்புறம் அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, போய்ப் பார்ப்போம்" என்றார்.

லிஃப்ட் ஆறு பேருக்கானது. தலைவர் அம்மா, விளக்கம் கொடுத்த இரண்டு உறுப்பினர்கள், கிடங்குக்காரர், அத்தான், நோட்டுப் புத்தகத்தோடு நான். நான்காவது மாடியில் கதவு திறந்தது. அந்த மூன்று கால் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், தேய்த்த சட்டை, மடியில் ஒரு பை. ஆறு பேர் ஒன்றாக வந்து நிற்பதைக் கண்டு பதறி எழுந்ததில் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"தப்பான மாடியை அமுக்கிட்டேங்க" என்றார்.

"நாங்களும்தான்" என்றார் தலைவர் அம்மா.

கிடங்குக்காரர் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, சாவி கீழே மேசையில் இருக்கிறது என்று முனகினார். அத்தான் அந்த மனிதரிடம் போய் விழுந்த நாற்காலியை எடுத்துச் சுவரில் சாய்த்தார். "எனக்கு மூணாவது மாடியில தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றார். "துணைக்கு வர்றீங்களா?"

அவர் அத்தானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். மெதுவாகத் தலையசைத்தார்.

எல்லோரும் திரும்ப ஏறினோம். இப்போது ஏழு பேர், லிஃப்ட் கத்த ஆரம்பித்தது. தலைவர் அம்மா திரும்பி, "பசங்களும் காதலர்களும் இறங்கிக்குங்க" என்றார். உறுப்பினர்கள் இருவரும் இறங்கினார்கள். கதவு மூடும்போது அவர்கள் அந்தப் பூட்டுக்கு முன்னால் கைகட்டி நின்றது என் கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. அத்தான் மூன்றாம் எண்ணை அமுக்கினார். விளக்கு எரிந்தது. அந்த மனிதரோடு அத்தான் இறங்கி, ஆலோசனை அறைக் கதவைத் தட்டினார்.

பூட்டு அன்றே போனது. அந்தப் படிக்கட்டில் விளக்கு போட்டார்கள், ஒழுங்கான நாற்காலி இரண்டு போட்டார்கள். முன்னுரிமைப் பட்டியலை நான் மறுபடியும் அடித்தேன். ஆலோசனை அறை முதலிடம், அதுவும் சாயங்காலம் எட்டு மணி வரை. யாருக்கும் தெரியாமல் வந்து போக வழி, இரண்டாவது இடம். பதாகைகள் பதினொன்றாவதுக்குப் போய்விட்டன. இப்போது நாளொன்றுக்கு இருபது பேருக்குக் குறையாமல் வருகிறார்கள்.

வீட்டில்தான் அக்கா இரண்டு நாள் அத்தானோடு பேசவில்லை. செய்தி பரவிவிட்டது. முதல் இரண்டு நாளில் இரண்டு கட்டடங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. அத்தான் தன் டைரியில் முப்பதை அடித்துவிட்டு இருபத்தெட்டு என்று எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, நான் அங்கே இருந்தபோது, ஒரு பெரிய குடியிருப்பின் செயலாளர் கூப்பிட்டார். எந்தக் குடியிருப்பு என்று சொல்லப் போவதில்லை. லிஃப்டில் சின்னக் கீறல் விழுந்தாலும் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிற கறார்ப் பேர்வழி அவர். அக்காதான் போனை எடுத்தாள். பெயரைக் கேட்டதும், இன்னொரு கட்டடமும் போச்சு என்ற முகத்தோடு அத்தானிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க சார்" என்றார் அத்தான். அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிங்க... எத்தனை வருஷமா?... பரவாயில்லீங்க, அதெல்லாம் பரவாயில்லை. நாளைக்குப் பத்து மணிக்குச் சுகாதார வாரியத்து லிஃப்ட் பக்கம் நான் நிக்கிறேன், ஒண்ணாவே போவோம்."

போனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அக்கா பொறுக்க முடியாமல், "யாருக்காம்? அவருக்கா, வீட்டுல யாருக்காவதா?" என்று கேட்டாள்.

"அதை உன்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்" என்றார் அத்தான்.

இன்றுவரை சொல்லவில்லை. அன்று அக்கா உள்ளே போய், நாளைக்குப் போட்டுக்கொண்டு போக அந்தச் சலவைச் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.