நிற்காமல் போன கல்யாண ரயில்

ரயில் ஜன்னலில் ஒரு கணம் தெரிந்து மறைந்த பெரியப்பாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாழைமரம் கட்டிய பந்தல், அதன் முன்னால் அவர், தோளில் மாலை, கையில் பச்சைக் கொடி. எங்கள் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிவந்த ரயில், அவர் பழக்கதோஷத்தில் காட்டிய அந்தக் கொடிக்கு மரியாதை செய்துவிட்டு நிற்காமல் போய்விட்டது.

பெரியப்பா, அம்மாவின் அக்காள் கணவர். தாப்பா ரோடு ஸ்டேஷனுக்கு அப்பால், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன நிறுத்தத்தில் ரயில்வே கேட்டுக்காரராக இருந்தார். சில குவாட்டர்ஸ் வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், தண்டவாளத்துக்கு மறுபுறம் கம்பம் என்று சொல்லும் சீனர் குடியிருப்பில் ஒரு கடை. அவ்வளவுதான் ஊர். அவர் பேச்சிலோ அது கோலாலம்பூருக்கு அடுத்தபடி. கேமரன் மலையில் கொழுந்து பறித்துப் பிழைத்த எங்களைக் 'குளிர்ல கெடக்குறவங்க' என்பார். அப்பா பல்லைக் கடித்துக்கொள்வார்.

எழுபதுகளின் கடைசியில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். அதே குவாட்டர்ஸ் பையன், தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலை. கல்யாணம் தம் ஊர்க் கோயிலில்தான் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார். முகூர்த்தத்துக்குள் போய்ச்சேர எக்ஸ்பிரஸ் ஒன்றுதான் உண்டு. அது அங்கே நிற்காது.

"நிக்கும்லா. டிரைவர் நம்ம ஆளு, சொல்லிட்டேன்" என்றார்.

"மொத நாளே லோரியில வந்துடுறோம் அண்ணே" என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார்.

"பொண்ணு லோரியில வந்து எறங்கினா எனக்கு என்னய்யா மரியாதை?"

மலைப்பாதை வளைவுகளில் பாதிப்பேர் வாந்தியெடுத்து, தாப்பா ரோட்டில் ரயிலேறினோம். அன்றைக்கு டிரைவர் வேறு ஆள். பந்தல் பின்னால் ஓடி மறைந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கூறைச்சேலையோடு அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு கார்கூட இல்லை. "இனிமே அந்தாளு மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அப்பா கத்திக்கொண்டிருக்கும்போதே, தண்டவாளத்தில் ஒரு டிராலி வந்தது. நாலுபேர் தள்ளிக்கொண்டு ஓடிவர, அதன்மேல் பெரியப்பா, பக்கத்தில் பட்டுவேட்டியில் மாப்பிள்ளை.

வந்ததும் வராததுமாய்ப் பெரியப்பா கேட்டார்: "ஏன் எறங்காமப் போனீங்க?"

அப்பாவை மூன்றுபேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாப்பிள்ளையோடு அக்காவும் அம்மாவும் டிராலியில் போனார்கள். மற்றவர்கள் புதுத்துணியோடு சரளைக்கல்லில் கால் இடற நடந்தோம். நாங்கள் போய்ச்சேர்ந்தபோது பூசாரியின் அவசரத்தில் தாலி ஏறிவிட்டிருந்தது. சீனர் கடைக்காரம்மாள்தான் எங்கள் கோலத்தைப் பார்த்து எல்லோருக்கும் ஐஸ் தண்ணீர் கொடுத்தாள்.

சாகும்வரை பெரியப்பா ஒருமுறைகூடத் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம புள்ளைக்குத் தனி டிராலியே விட்டேன்" என்று ஊரெல்லாம் பெருமையடித்தார். அவர் இருக்கும்போதே அந்த நிறுத்தத்தையும் மூடிவிட்டார்கள்.

போனமாதம் அக்காவோடும் அவள் கணவரோடும் ஈப்போவுக்கு மின்சார ரயிலில் போனேன். அந்தப் பழைய நிறுத்தத்தைத் தாண்டும்போது கோயில் எங்கே இருந்தது என்றுகூடச் சொல்லமுடியவில்லை, கம்பிவேலியும் செம்பனைத் தோட்டமும்தான்.

"பெரியப்பா மேல ஒனக்குக் கோவமே வரலையாக்கா?"

"வந்துச்சு. ஆனா ரயில் நின்னிருந்தா, இவரு எனக்காக டிராலியில ஓடி வந்திருப்பாரா?"

"நான் எங்க வந்தேன்? பயந்துபோய்ப் பந்தல்லயே ஒக்காந்திருந்தேன். பெரியப்பாதான் கையப் புடிச்சு இழுத்து ஏத்துனாரு" என்றார் அவள் கணவர்.

ஈப்போ வரும்வரை அக்கா அவரோடு பேசவில்லை.