பத்தாவது சங்கு

என் மகளுக்கு இரண்டரை வயது. வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்கள் இப்போது கடைக்கு வருவதில்லை. வந்தாலும் எங்களுக்குக் கட்டுபடியாகாது. எண்ணப் பழக்குவதற்காக, சாம்பல்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுத்த இடத்தில் சோகிகள், அதாவது சோழிகள், பொறுக்கினேன். ஒன்பது சேர்ந்தன. பத்தாவதாகக் கூம்பு வடிவில் பூப்போட்ட சங்கு ஒன்று அகப்பட்டது. நான் அழகைத்தான் பார்த்தேன். ஈரத்துடனேயே முற்றத்தில் அவள் முன் வைத்தேன்.

"பத்து" என்று அவள் கையை நீட்டினாள். மீன்பிடித்துக் கடலால் திரும்பிய என் கணவரின் தம்பி கையிலிருந்த துடுப்பால் அதைத் தட்டி விலக்கினார்.

"மச்சாள், இது நஞ்சுச் சங்கு, உயிரோடை கிடக்கு. குத்தினா பிள்ளை தப்பாது."

சங்கின் ஒடுங்கிய முனையில் ஏதோ நீண்டு, மெல்ல உள்ளே போனது.

இப்போது எந்தச் சங்கையும் சோகியையும் அவித்து, ஒரு கிழமை வெயிலில் காயவைத்த பிறகே கொடுக்கிறேன். மகள் ஒன்பது வரை தொட்டு எண்ணுகிறாள். பத்து என்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.