அப்பாவுக்குக் கொடுத்த இரத்தம்

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படித்தவளில்லை. ஆனாலும் எங்கள் அப்பாவின் இரத்தம் ஏன் நிற்கவில்லை என்று இன்றைக்கு எந்த டொக்டர் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன். அன்றைக்குப் பத்து வயது. தெரியாது.

சண்டைக் காலம். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்கும் முட்டாமலே அவருடைய தோளும் தொடையும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போகும். காலையில் பல் தேய்த்தால் வாயெல்லாம் இரத்தம். அம்மா பயந்துபோய்ப் பார்ப்பாள். அவரோ, "வெத்தல போடாமலே வாய் செவந்திருக்கு பாரு, செலவு மிச்சம்" என்பார்.

மஞ்சட்காமாலைக் கிருமி பல வருடமாக உடம்பில் தங்கி ஈரலைக் கெடுத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரத்தத்தை உறையவைக்கும் சத்தை ஈரல்தான் செய்யவேண்டுமாம். இனிப் பல் பிடுங்கக்கூடக் கூடாதாம். குணமாகுமா என்று அம்மா கேட்டாள். டொக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்தக் கேள்வியை அம்மா கோவிலுக்குக் கொண்டுபோனாள். ஆடி மாதம் அப்பா கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். சித்தப்பா சண்டைக்கு வந்தார்.

"அண்ணி, பல்லே புடுங்கக் கூடாதுங்குறாங்க. நீங்க வேலக் குத்தச் சொல்றீங்களே!"

"ஆஸ்பத்திரி ஊசியிலதான் ரத்தம் வரும். முருகன் வேலுல வராது. இத்தன வருசமாப் பாக்குறோம், யாருக்காவது வந்திருக்கா?"

யாருக்கும் வந்து சித்தப்பாவும் பார்த்ததில்லை. "அவ மனசு ஆறட்டும்டா" என்று அப்பா முடித்துவைத்தார்.

ஆடி வந்தது. பூசாரி அப்பாவின் கன்னத்தில் விபூதியை அப்பி வேலை ஏற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. அம்மா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். நானும் அதேபோலப் பார்த்தேன். காவடி தெருமுனையைத் தாண்டவில்லை, விபூதி சிவந்தது. பிறகு தாடை, நெஞ்சு, வேட்டி. அலகை உருவிவிட்டுக் கோப்பித்தூளை அப்பினார்கள். அதையும் தள்ளிக்கொண்டு வந்தது.

"வீட்டுல தீட்டு இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"ஒன் நாக்குலதான்டி தீட்டு" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே முந்தானையைக் காயத்தில் அழுத்தினாள்.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது செக்பொயின்ரில் மறித்தார்கள். இரத்தமும் பழைய கன்றல்களுமாய்ச் சட்டையில்லாத ஒரு தமிழன். எங்கேயோ சண்டையில் காயம்பட்டுத் தப்பி வருகிறவன் என்று ஆமிக்காரன் துவக்கை நீட்டினான். "கோவில் மஹத்தயா, கோவில்!" என்று அம்மா மடியில் கிடந்த மயிலிறகைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். மேலதிகாரி வந்து பார்க்கும்வரை வெயிலில் நின்றோம். துப்பினால் இன்னும் சந்தேகப்படுவார்கள் என்று அப்பா இரத்தத்தை விழுங்கிக்கொண்டே நின்றார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். டொக்டர் வெளியே வந்து, பிள்ளையின் இரத்தமும் வேண்டும் என்றார். பிள்ளை நான் ஒருத்திதான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். வெள்ளைத் தொப்பி போட்ட மிஸ்ஸி ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு ஊசியை உருவினாள்.

"இன்னும் எடுங்க மிஸ்ஸி. எனக்கு வலிக்கல."

"போதும் மகள்" என்று சிரித்தாள்.

மறுநாள் அப்பா போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "நான் குடுக்கத்தான் கைய நீட்டினேன். அந்த மிஸ்ஸிதான் போதும்னுட்டா."

அந்தக் குப்பி இரத்தம் அப்பாவிடம் போகவேயில்லை. அவருடைய கிருமி எனக்குள்ளும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தார்கள். அது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு எங்களை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, டொக்டர் அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவள் வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்து, என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவை நினைத்துத்தான் அழுகிறாள் என்று நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதீங்கம்மா. நான் இருக்கேன் தானே" என்றேன்.

அவள் அழுகை கூடிற்று.