வேலிக்கு அந்தப்பக்கத்து அக்கா

கல்யாணமாகி நான் மலையேறியது ஐம்பதுகளின் நடுவில். கொல்லங்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று கூப்பிட்டால் மூன்று வீட்டுப் பெண்கள் பதில் சொல்வார்கள். தேவிகுளத்துக்குப் பக்கத்தில் அரசாங்க வேலையில் இருந்த என் கணவருக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் அப்படியில்லை. சரிவை வெட்டித் தனித்தனியாகக் கட்டிய வீடுகள். எல்லா வாசலும் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கும். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசல் தெரியாது. சுற்றிலும் ஆள் உயரச் செடிவேலி. புகை வந்தால் பக்கத்து வீட்டில் ஆள் இருப்பது தெரியும், அவ்வளவுதான். அவர் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்வரை எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. அந்த முதல் மழைக்காலத்தில் நான் அடுப்போடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வேலிக்குக் கீழே ஒரு பெண் கோழியைத் திட்டுவது கேட்டது. எங்கள் பக்கத்துத் தமிழ். ஓடிப்போய் வேலிக்குள் முகத்தை நுழைத்தேன்.

"ஏனுங்க, நீங்க பாலக்காட்டுப் பக்கமுங்களா?"

"ஆமா. மூஞ்சியக் காட்டாம யாரு பேசறது?"

"மேல் ஊட்டுக்கு வந்திருக்கறனுங்க. கொல்லங்கோடு."

"அட, நம்ம புள்ளயா! இத்தன நாளா எங்கிருந்தே அம்மிணி?"

அவர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தரின் மனைவி. அன்றிலிருந்து எனக்கு அக்கா. கடைக்குப் பின்னாலேயே வீடு. சாலையில் சுற்றிப் போனால் அரைமணி நேரம். வேலியைத் தாண்டினால் நாலு எட்டு. மறுநாளே கீழிருந்து அக்காவும் மேலிருந்து நானும் அரிவாளால் செடியை வெட்டினோம். ஓடையில் கல் பொறுக்கி வந்து சரிவில் படியாகப் பதித்தோம். கையெல்லாம் கொப்புளம்.

"நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் எதுக்கு வழி? மத்த பொம்பளைங்களயும் கூட்டிட்டு வா" என்றார் அக்கா.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினேன். தபால்காரர் மனைவி வந்தார், ஜீப் டிரைவர் மனைவி வந்தார். முதலில் உப்பு, புளி வாங்கும் சாக்கில். பிறகு ஒரு சாக்கும் இல்லாமல். அக்காவின் கொல்லைப்புறத்தில்தான் எங்கள் மத்தியானங்கள் கழிந்தன. நோன்புக் கஞ்சி மேலே ஏறி வரும். பொங்கல் கீழே இறங்கிப் போகும். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இன்னொரு வீட்டு ரசம் போய்ச் சேரும்.

அடுத்த வருஷம் புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். வேலியில் திறப்பைப் பார்த்ததும் முள்கம்பி இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்று கணவரிடம் கெஞ்சினேன்.

"சொன்னேன். கடைத்தெரு ஆளுக குவார்ட்டர்சுக்குள்ள நடமாடக் கூடாதுங்கறார்."

மழையில் அவ்வளவு தூரம் சுற்றிப் போக யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நான் மட்டும் குடையோடு சாலை வழியே போய்வந்தேன். அக்கா அப்போது கர்ப்பம், பல வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை.

ஆடி மாத மத்தியானம் ஒன்று. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. "அம்மிணீ!" என்று ஓர் அலறல். ஓடினேன். கம்பிக்குக் கீழே, துவைக்கிற கல்லைப் பிடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தார். ராவுத்தர் சரக்கெடுக்க மூணாறு போயிருந்தார். மழைக்குக் கடைத்தெரு முழுக்க அடைத்துக் கிடந்தது. கம்பிக்குள் நுழையப் பார்த்தேன். சேலை கிழிந்தது, தோள் கிழிந்தது, உடம்பு நுழையவில்லை.

"ரோட்டு வழியா வந்தர்றேனுங்கக்கா! பொறுத்துக்குங்க!"

வழியில் கதவுகளைத் தட்டிக் கத்தினேன். மழைச் சத்தத்தில் ஒன்றும் திறக்கவில்லை. வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா சமையலறைவரை ஊர்ந்து போயிருந்தார். பிள்ளை பிறந்திருந்தது. ஆண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. எடுத்தேன், தடவினேன், தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். அழவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று.

ராவுத்தர் கடையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு அக்காவைப் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

கோடையில் ஊருக்கு வந்தபோது விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நெருக்கமான தெரு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அக்காதான் கதவைத் திறந்தார்.

"வாங்க. உக்காருங்க" என்றார்.

என்னை ஒருநாளும் அவர் 'வாங்க' என்று சொன்னதில்லை. தேநீர் கொடுத்தார். நான் எதையெதையோ பேசினேன். அவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அவருக்கு எந்த மத்தியானம் ஞாபகம் வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீக்கிரமே எழுந்துகொண்டேன். "நல்லா இருங்க" என்று மட்டும் சொன்னார்.

கொல்லங்கோட்டு பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்து அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கையைத் தொட்டார்.

"ஏனுங்க, சாவு ஊட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.