மருமகன் குதிக்க வேண்டிய கிணறு

கித்தேரியாவிடம் ஒரு வித்தை உண்டு. முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு வெளிநாட்டு இளவட்டம் எவனாவது வாசலில் வந்து நின்றால், முதலில் அந்த மூட்டையை வாங்கி ஒரு கையால் தூக்கிப் பார்ப்பாள். தூக்கின மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்: இவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன், இவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இது இரண்டே நாளில் ஊரைப் பார்க்கத் திரும்பிவிடும். அம்மாவை நினைத்து ஏங்குகிறவனின் மூட்டை தேங்காய்ச் சாக்கைவிடக் கனக்குமாம். ஒரு பெண்ணின் பை தானாகவே மிதந்து போய் உத்தரத்தில் முட்டியதென்றும், திறந்து பார்த்தால் உள்ளே காதலைத் தவிர ஒன்றுமில்லை என்றும் கடற்கரை முழுக்கப் பேச்சு. அதை நம்ப மறுத்தவர்களுக்கு அவள் வீட்டு மீன் குழம்பு மறுபடி கிடைத்ததில்லை.

கோவாவின் தென்கோடியில் அவளுடைய ஊர். புருஷன் போன பிறகு பின்கட்டு அறையை இந்த மூட்டைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் மகள் அவ்ரோராவை வளர்த்தாள். உலகமே அவள் வாசலில் வந்து செருப்பைக் கழற்றியது. அவளோ மட்காவ் சந்தையைத் தாண்டிப் போனதில்லை.

"என்னத்தப் பாக்க இம்மாந்தூரம் வந்தே?" என்று எல்லோரையும் கேட்பாள்.

"கடல், மாய்." ஊருக்கே அவள் மாய், அம்மா.

"உங்க ஊர்ல கடல் இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம்?"

அதற்கு மட்டும் ஒருத்தரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. கண்ணை அகல விரித்து, கையை ஆட்டி, பேச்சு வராமல் நிற்பார்கள். அந்த முகத்தை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். தன் முகம் ஒருநாளாவது அப்படி ஆகியிருக்குமா என்று யோசித்தும் பார்த்திருக்கிறாள்.

யாரெக் வந்தது ஜூன் மாதத்தில். புத்தியுள்ளவன் எவனும் வராத மாதம். கடற்கரைக் குடில்களை மழைக்கு முன்பே பிரித்து, மூங்கில்களைக் கட்டுக்கட்டாகத் தென்னந்தோப்பில் அடுக்கியாயிற்று. போலந்துக்காரப் பையன், டிக்கெட் மலிவாகக் கிடைத்ததென்று புறப்பட்டுவிட்டான். முதல் நாள் அவனுடைய ஒற்றைச் செருப்பை நாய் கவ்விக்கொண்டு போனது. அடுத்த வாரம் அவன் பூட்சுக்குள் காளான் முளைத்தது. கித்தேரியா அதைப் பொரியல் பண்ணிவிட்டாள் என்று சொல்கிறார்கள். பிறகு முழுப் பலாப்பழத்தைத் தனியாளாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, காய்ச்சலும் சேர்ந்து படுத்தான். கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்து அவள்தான் எழுப்பி உட்கார வைத்தாள். எழுந்தவன் மழையில் போய் மணலில் உட்கார்ந்து, கறுத்துப் பொங்கும் கடலை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். காலைக்கூட நனைக்கவில்லை.

அவன் பை மட்டும் பார்க்கத்தான் பெரிசு, எடையே இல்லை. மழைக்குப் பயந்து உள்ளே ஒவ்வொரு துணியையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றோடு இறுக்கிக் கட்டியிருந்தான். தூங்கும்போதுகூட அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவான்.

அந்த நேரத்தில்தான் சாஞ்சாவ் வந்தது. அருளப்பர் திருநாள். தலையில் பூவும் இலையும் கட்டிய வளையத்தோடு, கும்மட் மேளம் தட்டி, ஆண்கள் வீடு வீடாகப் போய்க் கிணற்றில் குதிக்கும் நாள். புதுசாகக் கல்யாணமான வீடு என்றால் மாமியார் கிணற்றில் மருமகன்தான் முதலில் குதிக்க வேண்டும். அவன் மேலே வரும்வரை வேறு ஒருத்தன் தண்ணீரைத் தொடமாட்டான். குதிக்க மருமகன் இல்லாவிட்டால் மேளம் அந்த வாசலில் நிற்காமல் போய்விடும்.

அவ்ரோராவுக்குப் போன தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை மினின், கப்பலில் வேலை பார்க்கிறவன்; எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. "எனக்கொண்ணும் இல்லம்மா, மேளம் போனாப் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே மகள் விடிந்ததிலிருந்து பூ வளையம் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

பக்கத்து வீட்டு லூர்தினா வேலிமேல் மோவாயை வைத்தாள். "என்ன கித்தேரி, இந்த வருசம் உன் கெணத்துல தவளைதான் குதிக்குமாமே?"

"குதிக்கட்டுமே. உன் மருமவனவிட நல்லாப் பாடும்."

சொல்லிவிட்டாளே ஒழிய மகளின் கையைப் பார்க்க முடியவில்லை. நேரே பின்கட்டுக்குப் போனாள்.

"எலே யாரெக், இன்னிக்கு ஒருநாள் எனக்கு மருமவனா இருப்பியா? கெணத்துல ஒரு குதி குதிச்சா போதும்."

அவன் வெளுத்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான். மழையில் நிரம்பி, பாதிக்கு மேல் தண்ணீர். அவ்ரோரா கையிலிருந்த வளையத்தைப் பார்த்தான். கஞ்சி கொடுத்தவளைப் பார்த்தான். "சரி, மாய்" என்றான்.

நீச்சல் தெரியுமா என்று கித்தேரியா கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கடலைப் பார்க்க உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தவனுக்கு நீந்தத் தெரியாது என்றால் அங்கே பூனைகூட நம்பாது.

மேளம் வந்தது. வாசலைத் தாண்டப் பார்த்த மேளக்காரன் பஸ்தியாவ், பூ வளையத்தோடு நின்ற வெள்ளைக்காரனைப் பார்த்து மேளத்தை நிறுத்தினான்.

"யாரு மாய் இது?"

"கடன் வாங்கின மருமவன். ஏன், செல்லாதா?"

"செல்லும் செல்லும்! ஃபென்னி ஊத்தினா எல்லாம் செல்லும்! விவா சாஞ்சாவ்!"

யாரெக் அந்த முந்திரிச் சாராயத்தில் ஒரு வாய் குடித்தான். வந்த அன்று அவள் தூக்கிப் பார்த்ததற்குப் பிறகு யாரிடமும் கொடுக்காத பையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். ஆயிரம் மூட்டை கையால் தூக்கியவள், குறும்பு தலைக்கேறி அதை முதுகில் மாட்டிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. "மாய், எந்த ஊருக்கு டிக்கெட்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தான்.

மேளம் அதிர்ந்தது. அவன் வரவில்லை. "மூச்சப் புடிக்கிறாண்டா!" என்று பஸ்தியாவ் கத்தினான். "மருமவன்னா இவன் மருமவன்!" என்று லூர்தினாவே வியந்தாள். கித்தேரியா மட்டும் குனிந்து பார்த்தாள். பூ வளையம் தனியாக மிதந்தது. அதன் கீழே ஒரு வெள்ளைக் கை, எதையும் பிடிக்கத் தெரியாமல், விரிந்து விரிந்து மூடியது.

சேலையை வரிந்துகட்டக்கூட அவள் நிற்கவில்லை. பையோடு குதித்தாள்.

தண்ணீர் காதை அடைத்தது. சின்ன வயதில் கழிமுகத்தை நீந்திக் கடந்த காலும் கையும் அவளைக் கேட்காமலே வேலை செய்தன. தலைமயிர் அகப்பட்டது, பிடித்து இழுத்தாள். மேலே வர அவள் உதைக்க வேண்டியிருக்கவில்லை. பைக்குள் அடைத்து வைத்த காற்றெல்லாம் ஒன்றுசேர்ந்து இரண்டு பேரையும் ஒரே தூக்காகத் தூக்கி, ஒரு ஆள் உயரத்துக்கு ஆகாசத்தில் எறிந்து, பிறகு மெதுவாகத் தண்ணீர்மேல் இறக்கியது என்று பஸ்தியாவ் இன்றைக்கும் சிலுவை போட்டுச் சொல்வான்.

யாரெக் இருமினான், கக்கினான், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"நீச்சல் தெரியாதாடா, பாவி?"

"தெரியாது, மாய்."

"சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே."

மேலே ஒரே கூச்சல். "கயிறு! ஏணி!" "அம்மா!" "கணக்குல யாரு குதிச்சதா வச்சுக்கறது, மருமவனா மாமியாரா?" "ரெண்டையும் வையிடா, மேளத்த அடி!" அழுகையும் சிரிப்புமாக அவ்ரோராவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. இந்த வருஷத்துக்கு இந்த வாசலை இனி யாரும் தாண்டிப் போக முடியாது.

கித்தேரியா நிமிர்ந்து பார்த்தாள். பிறந்த வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து குடம் குடமாக மொண்ட கிணறு. உள்ளேயிருந்து அது வேறாக இருந்தது. சிவந்த கல்லின் ஒவ்வொரு இடுக்கிலும் பெரணிச் செடி தலையாட்டியது. ஒரு பச்சைத் தவளை அவளைப் பார்த்துக் கண் சிமிட்டியது. வெகு உயரத்தில் ஒரு வட்ட வானம், அதைச் சுற்றிப் பூச்சூடிய தலைகள். நடுவிலிருந்து மழை, ஒவ்வொரு இழையும் தனித்தனியாக, அவள் ஒருத்தியைத் தேடி வருவதுபோல நேரே முகத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கண் அகன்றது. கை தானாகத் தண்ணீரில் அசைந்தது. வாயில் பேச்சு வரவில்லை.

கயிற்றேணி சரசரவென்று வந்து தோளில் இடித்தது.

"ஏறு மாய்! ஏறி வா!"

யாரெக்கை ஏணியில் ஏற்றி, பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு பையில் சாய்ந்து மல்லாக்க மிதந்தாள்.

"சும்மா கத்தாதீங்கடா," என்றாள். "இப்பத்தானே வந்திருக்கேன்."