சூடு ஆறுவதற்குள்

கிண்ணத்தை இடுப்புத் துணிக்குள் மறைத்துக்கொண்டு கேலா கூட்டத்தை முழங்கையால் இடித்து முன்னேறினாள். பின்னால் அவள் கணவன் யோஸ்ட் வந்தான். அவன் கைகளை ஊர்த்தலைவரின் மகனும் மாவு அரைக்கும் ஆலைக்காரனும் ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள், சந்தைக்குக் கன்றைக் கொண்டுவருவது மாதிரி. எப்படியாவது தலைவெட்டும் மேடையை ஒட்டிப் போய்விட வேண்டும். வெட்டப்பட்டவனின் ரத்தத்தைச் சூடு ஆறுவதற்குள் குடிக்க வேண்டும். குடித்த கையோடு மூச்சு முட்டும்வரை நிற்காமல் ஓட வேண்டும். அப்போதுதான் வலிப்பு ஆளை விட்டுப் போகும். இதை அந்த மலைப்பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெங்காயத்தோடு பன்றிக்கறி வதங்கும் வாசனை வந்தது. நகரத்துக் குடும்பம் ஒன்று வீட்டிலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தது. ஒருத்தி குழந்தைக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே மேடையைக் கைகாட்டினாள். கேலா காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது. தன் வாயின் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கு வெட்டப்பட இருந்தவன் வெல்டன். யோஸ்ட்டோடு ஒரே ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்து வருஷக்கணக்காக மரம் அறுத்தவன். பிரபுவின் காட்டில் விறகு பொறுக்கினான் என்று காவலன் அவனுடைய கோடரியை நடுப்பனியில் பிடுங்கிக்கொண்டான். வெல்டன் காத்திருந்து அவனைச் சுட்டான். சருகைப் போட்டு உடம்பை மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் போல் கோயிலுக்கு வந்து பாடினான். அந்தப் பாட்டைக் கேலா அதன்பின் பாடியதில்லை. ஆனாலும் அவன் கொண்டுவந்து போட்ட விறகில்தான் அந்தக் குளிர்காலம் அவள் வீட்டு அடுப்பும் எரிந்தது.

கேலா பதினோரு வயதில் பண்ணை வேலைக்குப் போனவள். யோஸ்ட்டைக் கட்டிக்கொள்ள ஊர்ச்சபை வெகுகாலம் அனுமதி தரவில்லை. இல்லாதவன் இல்லாதவளைக் கட்டினால் பிச்சைக்காரர்கள் பெருகுவார்கள் என்றார்கள். முதல் பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே பிறந்தது; கல்யாணத்துக்கு முன்பே செத்தும் போனது. பிறகு அனுமதி கிடைத்தது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஒரு நாள் கதிரடிக்கும் களத்தில் யோஸ்ட் நுரை தள்ளி விழுந்தான். அதன்பின் அவனை வேலைக்குக் கூப்பிட யாரும் வரவில்லை.

இப்போது சபை அவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடத் துடித்தது. கப்பல் கூலியை ஊரே கொடுக்கும். கிளம்பிய அன்றே வீட்டை இடித்துவிடுவார்கள், வேறு ஏழை வந்து குடியேறாதபடி. ஊரின் பெயரேட்டிலிருந்து அவர்கள் பெயரையும் அடித்துவிடுவார்கள். பிறகு திரும்பி வந்தால் கால்வைக்க ஊர் கிடையாது. ஒரே தடங்கல், வலிப்புக்காரனைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அதனால்தான் ஊர்த்தலைவர் ரூப்ரெக்ட் தானே நகரத்துக்கு நடந்து, வெட்டுகிறவனின் ஆளைப் பார்த்து, ஒரு கிண்ணம் ரத்தத்துக்குப் பேசி முடித்தார்.

யோஸ்ட் மாட்டேன் என்று அழுதான். அவனைச் சமாதானப்படுத்தியது வெல்டன்தான். சிறையில் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான்.

"குடிச்சிருடா. முன்பின் தெரியாத எவனோ குடிக்கிறதுக்குப் பதிலா நீ குடிச்சா என்ன? எனக்கு வேற நோய்நொடி ஒண்ணும் கிடையாது. இங்க கறி வேற போடுறானுங்க, ரத்தம் நல்லாத்தான் ஊறியிருக்கும்."

யோஸ்ட் தலையைக் குனிந்துகொண்டான். வெல்டன் கேலாவிடம் திரும்பினான்.

"மதினி, அவன் கை நடுங்கும். கிண்ணத்த நீங்களே பிடிச்சுக்கிடுங்க. சிந்திரப் போறான்."

கேலா அதைத்தான் செய்தாள். கத்தி இறங்கியதை அவள் பார்க்கவில்லை. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது மட்டும் கேட்டது. வெட்டுகிறவனின் ஆள் குனிந்து கிண்ணத்தை வாங்கி, பால்காரன் அளப்பது மாதிரி பிடித்து நிரப்பி, விளிம்பைக் கட்டைவிரலால் வழித்துவிட்டுக் கொடுத்தான். கிண்ணம் கையில் சுட்டது. தினமும் அவர்கள் புளித்த பால் குடிக்கிற கிண்ணம். பக்கத்தில் ஒருவன் கைக்குட்டையை நீட்டி, "எனக்கும் கொஞ்சம்" என்றான். அவள் யோஸ்ட்டின் மூக்கைப் பிடித்து வாயில் சரித்தாள். அவன் விழுங்கினான். மீசையில் அது திப்பித்திப்பியாக ஒட்டியது.

"ஓடு, ஓடு" என்று கூட்டம் வழிவிட்டுக் கைதட்டியது. இரண்டு பேரும் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கேலா பின்னால் ஓடினாள். நாற்காலிகளைத் தாண்டி, சாலையைத் தாண்டி, முட்டைக்கோசு வயலுக்குள் வந்ததும் யோஸ்ட் விறைத்தான். வெட்டுப்பட்ட மரம் சாய்வது மாதிரி விழுந்தான். குதிகால்கள் மண்ணை உதைத்தன. நாக்கைக் கடித்துக்கொண்டுவிட்டான். தாடையில் வழிவது அவன் ரத்தமா வெல்டனுடையதா என்று கேலாவுக்குத் தெரியவில்லை.

தலைவரின் மகன் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தி, அதன்மேல் முட்டிபோட்டு அமுக்கினான். சாலையில் நின்றவர்களிடம், களைத்துப்போய்ப் படுத்திருக்கிறான் என்று கத்தினான்.

"நோய் வெளிய போற துடிப்பும்மா இது. கடைசித் துடிப்பு" என்றான் ஆலைக்காரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் பாதிரியார் வீட்டில் கூடினார்கள். அவர் எழுதிக் கொடுத்தால்தான் கப்பல் தரகர் ஏற்றுக்கொள்வார். வியாதி போய்விட்டது, மகன் சாட்சி, ஆலைக்காரர் சாட்சி என்று ரூப்ரெக்ட் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பாதிரியாருக்கு அந்த ரத்தச் சமாச்சாரம் பிடிக்கவில்லை, அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மனைவி சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்றார்.

கேலா வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்தாள். நகத்தடியில் இன்னும் கறுப்பாக இருந்தது. சரி என்று சொன்னால் பெண்கள் கப்பலில் வெள்ளை ரொட்டி தின்பார்கள், அமெரிக்கத் துறைமுகம் போய்ச் சேரும்வரை. அங்கே யோஸ்ட் ஒரே ஒருதரம் விழுந்தால் போதும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குள் இங்கே வீடு மண்ணாகியிருக்கும்.

"கோசு வயல்ல விழுந்து துடிச்சாருங்க. மூணு பேரும் பாத்தோம்."

ஊர்த்தலைவர் எழுந்துவிட்டார். "உனக்காக நகரத்துக்கு நாயா அலைஞ்சேனே, ஏம்மா!"

"எனக்காக இல்லைங்க, தலைவரே. நாங்க தொலையணும்னு அலைஞ்சீங்க. அது தெரிஞ்சும் கிண்ணத்த நான்தான் பிடிச்சேன்."

பாதிரியார் பேனாவைக் கீழே வைத்தார். ஆலைக்காரன் தொப்பியைத் தேடினான். வெளியே வந்ததும் கேலா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் வந்தது.

மறுநாள் மழை. யோஸ்ட்டின் நாக்கு வீங்கியிருந்ததால் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரை ஆற்றிக் கொடுத்தாள். வெல்டனின் உடம்பை மருத்துவம் படிக்கிறவர்கள் வண்டியில் கொண்டுபோனதாக ஆலைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். இனி கிழங்கு தோண்ட வரவேண்டாம் என்று தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். கேலா பெண்களைக் கூட்டிக்கொண்டு சுள்ளி பொறுக்கப் போனாள். காட்டு வழியில் புதிய காவலன் நின்றிருந்தான். திரும்பி வந்தார்கள். மத்தியானம் யோஸ்ட்டுக்கு ஒருதரம் வலிப்பு வந்தது, நின்றது. இரவு கிழங்கைத் தோலோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.