பெரியப்பாவுக்கு நான் அடித்த மணி

எங்கள் ஊரில் உயிரோடு இருக்கும்போதே சாவு மணி அடிக்கப்பட்ட ஒரே மனிதர் என் பெரியப்பாதான். அடித்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் மாதா கோயில் பங்கில் இது தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்தும் கேட்பார்கள். கல்யாண வீடோ, புதுநன்மை விருந்தோ, இலைக்காக நாலு பேர் காத்திருந்தால் போதும், யாராவது என் தோளைத் தட்டி அந்த மணி கதையைச் சொல்லச் சொல்வார்கள். நானும் வெட்கப்படுவதுபோல் கொஞ்சம் நடித்துவிட்டு ஆரம்பிப்பேன்.

இந்த வருஷம் கோடையில் பெரியப்பா போனார். ஆடியில் அப்பாவும் போனார். கல்லறைத் திருநாளன்று இரண்டு புதுக் கல்லறைக்கும் நடுவில் என்னை நிறுத்தி, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் இறந்த பெரியவர்களைப் பற்றி வீட்டாரில் ஒருவர் நாலு வார்த்தை சொல்வது எங்கள் பங்கு வழக்கம். என்னிடம் இருந்தது ஒரே கதைதான்.

மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை, மற்ற மூன்று பக்கமும் கரும்பு. நடுவில் ஒரு தெரு, தெருக்கோடியில் மாதா கோயில், கோயில் வாசலில் இரண்டு கல்தூணுக்கு நடுவே தொங்கும் மணி. ஊர் அவ்வளவுதான். எங்கள் வீடும் பெரியப்பா வீடும் எதிரெதிர். ஆனால் அப்பாவும் பெரியப்பாவும் அப்போது பேசிக்கொள்வதில்லை. காரணம் பொதுக் கிணற்று மோட்டார். அப்பாவின் முறையில் பெரியப்பா தன் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார். அப்பாவின் கரும்பு காய்ந்தது. கூடவே அப்பாவும் காய்ந்துபோனார்.

சண்டை ஆண்களுக்கு மட்டும்தான். அம்மாவும் பெரியம்மாவும் குழம்பு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கிண்ணம் தூக்குகிற வேலை எனக்கு. பெரியப்பா சும்மா இருக்கிற ஆளும் இல்லை. அப்பா தெருவில் போகும்போது தன் எருமையைப் பார்த்து உரக்கப் பேசுவார். வெயில் ஜாஸ்தியா இருக்குதே, தலையில துண்டு போட்டுக்கினு போனா இன்னா கொறஞ்சிபூடும் என்று எருமையிடம் கேட்பார். அப்பா திரும்பிப் பார்க்கமாட்டார். தெரு முனை தாண்டியதும் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். எருமை பாவம், அதற்கு எதுவும் புரிந்திருக்காது. எனக்கும்தான்.

அப்படி இருக்கும்போது பெரியப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், பாயோடு பாயாகக் கிடந்தார். பங்குச் சாமியார் வந்து அவஸ்தை பூசிவிட்டுப் போனார். சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அது பூசியாகிவிட்டது என்றால் ஊரார் பந்தல்காரனை மனதில் வைத்துக்கொள்வார்கள். தலைமாட்டில் மந்திரித்த மெழுகுவத்தியும் வந்துவிட்டது. உயிர் பிரிகிற நேரத்தில் அதை ஏற்றிக் கையில் பிடிக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் ஆத்துமா இருட்டில் வழி தெரியாமல் தடுமாறுமாம்.

அப்பா அப்போதும் எதிர் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் நான் அங்கிருந்து திரும்பியதும், அந்த வூட்டுல இன்னிக்கி இன்னா சாப்பாடு என்று கேட்பார். கஞ்சிதான், அதுவும் குடிக்கல என்றால் தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோவார். எங்கள் வீட்டுக் குழம்பு நன்றாக இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அவருடைய மீனையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

ஒருநாள் பெரியம்மா காமாலைக்கு மருந்து வாங்க வெள்ளிமலை பஸ் ஏறினார். மலைமேல் பச்சிலை கொடுக்கிற ஒருவர் இருந்தார். அம்மாவும் அப்பாவும் கழனியில். பெரியப்பாவுக்குக் காவல் நான். பெரியம்மா போகும்போது சொன்னது இதுதான்: மூச்சு ஒரு மாதிரி இழுத்தால் மெழுகுவத்தியை ஏற்றிக் கையில் கொடு, ஓடிப்போய் கோயில் வேலை பார்க்கிற உபதேசியாரைக் கூப்பிடு. சொல்லிவிட்டு என் கையில் ஒரு பொரி உருண்டையும் கொடுத்தார். இரண்டில் எது முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பெரியப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் பொரி உருண்டையை நக்கிக்கொண்டே அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். திடீரென்று கேட்கவில்லை.

பயம் என்றால் என்ன என்பதை அன்றுதான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். "பெரியப்பா" என்று கூப்பிட்டேன். ரொம்ப மெதுவாக, அவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். விரலில் படுவது அவர் மூச்சா, என் மூச்சா, வீசுகிற காற்றா என்று ஒன்றும் விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று தீக்குச்சியை ஒடித்து நாலாவதில் மெழுகுவத்தியை ஏற்றினேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதில் மெழுகுவத்தியைச் சொருகி மூடினேன். அது கோணலாக நின்றது. நேராக்க நான் நிற்கவில்லை. ஓடினேன்.

உபதேசியார் வீடு பூட்டிக் கிடந்தது. பெரியம்மா சொன்னதில் அதற்கு மேல் எதுவும் இல்லை. எதிரில் மணிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நான் பூசை உதவிக்காரப் பையன். எந்த மணியை எப்படி அடிப்பது என்பது மனப்பாடம். பூசை மணி என்றால் விடாமல் அடிக்க வேண்டும். சாவு மணி ஒற்றை ஒற்றையாக, ஒரு அடியின் சத்தம் முழுதும் அடங்கிய பிறகே அடுத்தது. கால்சட்டை நனைந்திருந்த அந்த நிலைமையிலும் நான் தாளம் தப்பவில்லை. இவ்வளவு லட்சணமாக உபதேசியாரே அடித்ததில்லை என்று ஊர் பிறகு சொன்னது.

அடித்து முடித்துவிட்டுத் திரும்ப ஓடிவந்து கதவைத் தள்ளினால், பெரியப்பா கண்ணைத் திறந்து, தன் கையில் எரிகிற மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"யாருக்குடா மணி?" என்றார்.

"ஒங்களுக்குத்தாங்க பெரியப்பா" என்றேன்.

தெருவில் முதல் ஒப்பாரி கேட்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு முதுகுத் தோல் அப்போதே எரிந்தது. மணியோடு விளையாடினால் அப்பா என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும், மணியை அடிக்காமலேயே வாங்கிய அனுபவம் இருந்தது.

"ஒங்கப்பன் எங்க இருக்கான்?" என்றார் பெரியப்பா.

"கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருக்காருங்க."

மெழுகுவத்தியை வாங்கி அணைக்கப் போனேன். கண்ணாலேயே தடுத்தார். கம்முனு ஒக்காரு, யாருகிட்டயும் வாயத் தொறக்காத என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது. பெரியப்பா செத்துப்போய் என்னைக் காப்பாற்றப் போகிறார்.

முதலில் ஓடிவந்தவர் பக்கத்துச் சந்து அத்தை. வாரத்துக்கு இரண்டு முறையாவது பெரியப்பாவின் எருமை தன் முருங்கையைத் தின்றது என்று மண்ணை வாரித் தூற்றுகிறவர். அவர்தான் பெரியப்பாவின் காலடியில் விழுந்து, வாயில்லாச் சீவனுக்கும் இரை போட்ட மவராசா என்று ஒப்பாரி வைத்தார். பெரியப்பாவின் உதட்டு ஓரம் லேசாக ஆடியதை நான் பார்த்தேன். நல்லவேளை, அத்தையின் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது, அவருக்கு அது தெரியவில்லை. வீடு நிறைந்துவிட்டது. யாரோ கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேட்டியில் துணி கிழித்தார்கள்.

மெழுகு உருகிக்கொண்டிருந்தது. கோணல் மெழுகுவத்தி, எல்லாம் அவர் விரல்மேலேயே விழுந்தது. ஒரு சொட்டு, அதன்மேல் இன்னொன்று. விரல்கள் ஒருமுறை துடித்தன. முகத்தில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் அப்பா வந்தார். முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டி அப்படியே இருந்தது. வாசலில் அதைப் போட்டார். எதிர் வீட்டு வாசற்படியை அவர் மிதித்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அண்ணன் மார்மேல் விழுந்தார். மெழுகுவத்தி உருண்டு அணைந்தது.

"ணா... ஒரு தண்ணிக்காவ பேசாத இருந்துட்டனே ணா. ஒரு வார்த்த பேசாமயே பூட்டியே."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அது அழுகைபோலவே இல்லை. தண்ணீர் இறைக்காத மோட்டார் காற்றை இழுப்பதுபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெரியப்பாவின் மெழுகு படிந்த கை மெல்ல எழுந்து அப்பாவின் முதுகில் உட்கார்ந்தது.

"பேசறன்டா. மொதல்ல ஏந்திரு, மூச்சு முட்டுது."

அத்தை பின்னாலிருந்த பானைமேல் சாய்ந்தார். இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். துணி கிழித்தவர் துணியோடு வெளியே ஓடினார். பிறகு சிரிப்பு ஆரம்பித்தது. தெரு முழுக்கச் சிரித்தது. அப்பா எழுந்தார், யாரையும் பார்க்கவில்லை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்கே திரும்பிப் போனார். பெரியம்மாவுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே இரண்டு சேதியும் ஒன்றாகக் கிடைத்தன. எதை நம்புவது என்று தெரியாமல் மருந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். உபதேசியார் என் காதைத் திருகிக் கோயிலில் முட்டி போடவைத்தார். அப்பா மட்டும் என்னை அடிக்கவே இல்லை. அதை நான் அந்தோனியாருக்குச் செய்த நேர்ச்சையின் பலன் என்று நம்பினேன்.

பெரியப்பா பிழைத்தார். மறுநாளே அப்பா எதிர் வீட்டுக்குப் போய், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், மோட்டாருக்கு வாசர் மாத்தணும் என்றாராம். பெரியப்பா மாத்திடலாம் என்றாராம். அதோடு சரி. அதன் பிறகு நாற்பது வருஷம், ஆலைக்குக் கரும்பு ஏற்றும்போது ஒரே வண்டி, மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் வரிசையில் காத்திருக்கும்போது ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பது, மோட்டார் முறைக்கு மட்டும் பழையபடி சண்டை. பெரியப்பாவின் விரலில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. இது என் சாவுச் சான்றிதழ் என்று பிள்ளைகளிடம் காட்டுவார்.

நான் வளர்ந்தேன், கதையும் வளர்ந்தது. பொரி உருண்டை பெரிதாயிற்று, அத்தையின் ஒப்பாரி நீண்டது. கதையின் உச்சம் அப்பா அழுகிற கட்டம்தான். அந்த மோட்டார் சத்தத்தை நான் அப்படியே செய்வேன். பந்தியில் சோறு புரையேறும். அப்பா அங்கே இருந்தால், மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போய்விடுவார். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிற்காலத்தில் எங்கள் வீட்டில் மாடே இல்லை. அப்போதும் மாட்டைப் பார்க்கத்தான் போனார்.

இந்தக் கோடையில் பெரியப்பாவுக்கு நிஜமாகவே மணி அடித்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது பாதிதான் கேட்கும். மணி மட்டும் கேட்டுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயாடா அடிச்ச?" என்றார். எதிரில் நிற்கிறவன் எப்படியப்பா கோயிலில் மணி அடிப்பான் என்று சிரித்தேன். துக்க வீட்டில் அதையும் சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்தேன்.

கல்லறையில் அன்று கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், சாமந்தி, எல்லார் கையிலும் மெழுகுவத்தி. சாமியாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒங்களுக்குத்தாங்க பெரியப்பா என்ற இடம் வந்தது. ஒங்கப்பன் எங்க இருக்கான் என்று அவர் கேட்ட இடமும் வந்தது. நான் அடி வாங்கக் கூடாதே என்றுதான் மகராசன் கேட்டார் என்று வழக்கம்போலச் சேர்த்துக்கொண்டேன். அப்போது மலைக்காற்று ஒன்று வந்து என் மெழுகுவத்தியைச் சாய்த்தது. விரலில் ஒரு சொட்டு விழுந்தது.

மைக்கிலேயே அலறி, மெழுகுவத்தியை உதறிக் கீழே போட்டுவிட்டேன். இதுவும் கதைதான் என்று கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பொடியன், தாத்தா அழுவறத செஞ்சி காட்டுங்க மாமா என்றான்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மைக் சரியில்லை என்று சொல்லி அதைச் சாமியார் கையில் திணித்துவிட்டு, சாவு மணி அடித்த அன்று ஓடியது மாதிரியே கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். விரலை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சொட்டு.

ஒரு பையன் முதுகில் விழப்போகிற அடிக்காக எந்த மனிதரும் அவ்வளவு மெழுகைத் தாங்கமாட்டார். கழனியிலிருந்து தம்பி ஓடிவர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பெரியப்பா தாங்கிக்கொண்டு கிடந்தார். வருவானா மாட்டானா என்று அந்த மூடிய கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு கிடந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் என் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.